திருவனந்தபுரத்துச் சார்கள்

காலை ஆறு மணிக்கு நாகர்கோவிலில் பஸ் ஏறினோம். திருவனந்தபுரம் நாற்பத்திரண்டு மைல். ஆளுக்குத் திருவிதாங்கூர்க் காசில் பதினான்கு சக்கரம். என் தங்கை எஸ்தருக்கு அங்கே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்திருந்தது. முந்தின நாள் பாளையங்கோட்டையில் கிளம்பும்போது அப்பா என்னைத் தனியே அழைத்து, "மரியாதைப்பட்ட இடமா பாருல. சந்தேகம்னா அவளையும் பெட்டியையும் திருப்பிக் கூட்டிட்டு வந்திரு" என்றார். அப்பா தனியே பேசினால் தெருவுக்கே கேட்கும். எஸ்தருக்கும் கேட்டது. ஆகவே வழியெல்லாம் ஜன்னலோடுதான் அவளுக்குப் பேச்சு.

தக்கலை தாண்டியதும் கண்டக்டர், "சாரே, காலைக் கொஞ்சம் ஒதுக்கணும்" என்றான். மூன்று முறை பள்ளிக்கூடத்தில் சேர்த்தும் பயந்து ஓடிவந்த என்னை ஒருவன் சார் என்கிறான்! முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். குழித்துறையில் கூடையோடு ஏறியவரிடம் அதே குரலில், "சாரே, கோழிக்கும் டிக்கெட்டு வேணும்" என்றான். முதுகு பழையபடி வளைந்தது.

பத்தரைக்கு வந்து சேர்ந்தோம். ஆரியசாலையில் மிளகாய் மொத்த வியாபாரம் செய்யும் எங்கள் ஊர்க்காரர் வீட்டில் சாப்பாடு. வாத்தியார் என்றால் எஸ்தரையும் இங்கே சார் என்பார்களாமே, மரியாதைப்பட்ட இடம் என்று அப்பாவிடம் சொல்ல அது போதாதா என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"இவிட கிளார்க்கு சார், போலீசு சார். பொம்பள வாத்தியாரும் சார்தான். அடுத்த வீட்டம்மா புருஷனையே 'சார் குளிக்கிறார்'னு சொல்லுவா. தொந்தரவு பண்ணுறவனை நானும் 'போ சாரே'ன்னுதான் விரட்டுவேன். அதையா மதிப்புன்னு எடுத்துக்கிடுவீரு?"

என் ஒரே சாட்சி போயிற்று. எஸ்தர் ரசத்தைச் சோற்றில் விட்டுப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

இரண்டு மணிக்குப் பள்ளிக்கூடத்து வாசலில் வாடகை வண்டியை நிறுத்தினோம். பியூன் ஓடி வந்து, "வரணும் சாரே" என்றான். நான் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்து முன்னே நடந்தேன். அவன் என்னைச் சுற்றிக்கொண்டு எஸ்தரிடம் போனான். பிறகு அவளிடமே என்னைக் காட்டி, "இது சாரோட ஆளா?" என்று விசாரித்தான்.

அப்போது மகளைக் கூட்டிப்போக வந்த ஒருவர் எதிரே வந்தார். தலையில் முண்டாசு, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய முண்டு. பியூனையே அதட்டிப் பேசியவர். புது வாத்தியார் என்று தெரிந்ததும் முண்டாசை அவிழ்த்தார். மடித்திருந்த வேட்டியையும் கணுக்கால்வரை இறக்கிவிட்டார். "குட்டிக்குக் கணக்கு போராது, சாரே. அடிச்சாலும் சரி, நல்லாப் படிப்பிக்கணும்."

"அடிக்காமலே படிச்சுக்குவா" என்றாள் எஸ்தர், பஸ் ஏறியதிலிருந்து நான் கேட்டிராத குரலில். அவர் தலையசைத்து, அவள் கடந்து போகும்வரை ஒதுங்கி நின்றார். வாயால் யாரும் எதையும் சொல்லலாம். வேட்டியை இறக்குவது எங்கள் ஊரிலும் சும்மா நடக்காது.

எஸ்தர் என்னோடு வண்டிக்குத் திரும்பி வந்து, "அண்ணே, பெட்டிய இறக்கட்டா? இல்ல, ஊருக்கா?" என்றாள். அவள் கை வண்டியிலிருந்த பெட்டியின் வளையத்தைப் பிடித்திருந்தது.

"விடுங்க, நான் எடுக்கேன். நீங்க முன்னால போங்க" என்றேன்.

"என்னண்ணே, என்னப் போய் நீங்க போங்கன்னுட்டு!"

எனக்கும் அப்போதுதான் காதில் விழுந்தது. ஊரில் அவளுக்கு எங்கள் வீட்டார் எல்லாரும் வைத்த பெயர், 'அடியே' என்பதுபோல, 'ஏட்டி' ஒன்றுதான். பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, சாரோட ஆளாகப் பின்னால் நடந்தேன்.