இரண்டாம் காதுகுத்து

என் காது மடல்களை உற்றுப் பார்த்தால் மடலுக்கு இரண்டு தழும்பு தெரியும். முடி வெட்டுகிறவர்கள் கட்டாயம் கேட்பார்கள். ஃபேஷன் என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். உள்ளதைச் சொன்னால் பாதித் தலையில் கத்தரியை வைத்துவிட்டுக் கதை கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

முதல் காதுகுத்து எனக்கு ஒரு வயதில், சிவகாசியில், ஏசி மண்டபத்தில் நடந்தது. அப்பாவின் பட்டாசுக் கம்பெனி கொடிகட்டிப் பறந்த காலம். மொய் வாங்கப்படமாட்டாது என்று பத்திரிகையிலேயே அச்சடித்திருந்தாராம். மீறிக் கவரை நீட்டியவர்களின் கையை வாசலிலேயே மடக்கி, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாராம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்துவதுதான் முறை. என் மாமா வெம்பக்கோட்டைப் பக்கம் மானாவாரி விவசாயம் பார்ப்பவர். அன்றைக்கென்று மழை பெய்துவிட, விதைத்து முடித்துவிட்டுச் சேற்றுக் காலோடு வந்து சேர நேரமாகிவிட்டது. அப்பா காத்திருக்கவில்லை. நல்ல நேரம் போகிறது என்று, தன் தொழில் கூட்டாளி ஒருவரின் மடியில் என்னை வைத்துக் குத்தி முடித்துவிட்டார். மாமா வந்து பார்த்தார். கொண்டுவந்த சீர்த்தட்டைக் கீழே வைத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டார். அதோடு போக்குவரத்து நின்றது. அம்மா மட்டும் அவ்வப்போது அடுப்படிக்குள் நின்று தன் தம்பியோடு போனில் பேசுவாள்.

எனக்குப் பத்து வயதானபோது கம்பெனி நொடித்துப் போனது. வடக்கே போன லோடுக்குப் பணம் வரவில்லை, அடுத்த சீசனுக்கு ஆர்டரும் வரவில்லை. கடனைக் கட்ட வழியில்லை என்று அப்பா மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டார். கார் போனது, வீடு போனது, வாடகை வீட்டு வாசலில் கடன் கொடுத்தவர்களின் செருப்புகள் மட்டும் கூடிக்கொண்டே போயின. அக்காவுக்கோ அந்த நேரம் பார்த்துக் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சீட்டு கிடைத்திருந்தது. அப்பா பேரைக் கேட்டதும் படிப்புக் கடன் கிடையாது என்று பாங்கில் கையை விரித்துவிட்டார்கள். பணம் கட்டக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. காலண்டர் பைண்டிங்குக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னதற்கு அக்கா சரியென்று தலையாட்டியதை நான் பார்த்தேன். வாயாடி அவள். அன்று ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்போதுதான் மாமா வந்தார். உட்காரக்கூட இல்லை.

"மச்சான், எம் மடியில ஒக்காராமக் குத்துனது காதுகுத்தே இல்ல. எங்கூரு அய்யனாரு கோவிச்சுக்கிட்டாரு. அதான் கம்பெனி இப்பிடி ஆயிப்போச்சு. மறுபடி குத்தணும். எங்கூருல, எஞ் செலவுல." பிறகு அக்காவை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "இந்தத் தடவ மொய் உண்டுன்னு கொட்ட எழுத்துல போடுதேன்."

அப்பா நிமிரவே இல்லை. "நொடிச்சுப்போனவன் வீட்டு விசேசத்துக்கு யாரு மாப்ள வருவா?"

"வருவாக. பேசாம இருங்க."

என் காதில் விழுந்ததெல்லாம் அய்யனார் சங்கதிதான். அடப்பாவமே, இந்தக் காதுதான் கம்பெனியைக் கவிழ்த்திருக்கிறது! பள்ளிக்கூடத்தில் பயல்கள் கேலி பண்ணியே கொன்றுவிடுவார்கள் என்ற பயம் ஒரு பக்கம். குத்தி முடித்ததும் கம்பெனி திறந்துவிடும், காரும் வந்துவிடும் என்ற ஆசை மறுபக்கம். ஆசைதான் ஜெயித்தது.

கண்மாய்க்கரைக் கோயிலில் பந்தல் போட்டு மாமா கிடா வெட்டினார். கூட்டம் வரத்தான் செய்தது. சாப்பிட்டார்கள், கை கழுவினார்கள், மொய் எழுதும் மேஜைப் பக்கம் மட்டும் ஒருவரும் போகவில்லை. போட்ட பணத்தைக் கடன்காரர்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்ற யோசனை. அந்த நேரம் பார்த்து பாய் வந்து இறங்கினார். அப்பாவின் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சடித்துக் கொடுத்தவர். அப்பாவால் எல்லாரையும்விட அதிகமாக நஷ்டப்பட்டவரும் அவர்தான். மொட்டைத் தலையோடு மாமா மடியில் உட்கார்ந்திருந்த எனக்கு, மாமாவின் தொடை நடுங்குவது தெரிந்தது. அய்யனாருக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

"வாங்க பாய். சாப்பிடுதீகளா?" என்றார் மாமா.

"மொதல்ல காதக் குத்துங்க."

ஆசாரி குத்தினார். நான் போட்ட கூப்பாட்டில் கண்மாயிலிருந்த கொக்கெல்லாம் பறந்தன. பாய் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "மொதத் தடவையும் இதே சத்தந்தாம்லே போட்ட" என்றார். நேராக மேஜைக்குப் போய், மொய் வாசிக்க வைத்திருந்த மைக்கை வாங்கிக்கொண்டார்.

"அன்னைக்கு மண்டபத்துல வயிறு நெறையச் சாப்புட்டோம். அண்ணாச்சி மொய் வைக்க விடல. வெறுங்கையோட வீட்டுக்குப் போனோம். அந்த மொய்ய இன்னைக்கு வைக்கேன். எனக்கு வரவேண்டிய பாக்கி வேற. அத அண்ணாச்சிகிட்ட விடாமக் கேப்பேன். இது காலேசுக்குப் போற புள்ளைக்கு. இதுல எவன் கை வைக்கான்னு நானும் பாக்கேன்."

அதற்கப்புறம் மேஜையைச் சுற்றி ஒரே நெருக்கடி. "நானும் அன்னைக்குச் சாப்புட்டேன்", "எங்கய்யாவும் சாப்புட்டாரு" என்று ஆளுக்கு ஆள் முண்டினார்கள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. காது குத்தியது எனக்கு, விசாரிப்பெல்லாம் அக்காவுக்கு! அப்பா பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு துண்டால் முகத்தை மூடியபடி நின்றார். மாமா எழுந்து போய் அவர் பக்கத்தில் சும்மா நின்றார்.

அக்காவின் பணத்தைக் கட்டிவிட்டார்கள். நான் கம்பெனி லாரிக்காகத் தெருமுனையில் காத்துக் கிடந்தேன். லாரி வரவில்லை, கார் வரவில்லை, காதில் சீழ் மட்டும் வைத்துவிட்டது.

அக்காவை அனுப்ப எல்லாரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். பஸ் கிளம்பும் நேரம் அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கடுக்கனைத் தொட்டாள்.

"வலிக்காலே?"

"வலிக்காம என்ன செய்யும்? கம்பெனியும் தெறக்கல, ஒண்ணுந் தெறக்கல. சும்மா போட்டுக் குத்திட்டாக."

அவ்வளவுதான் சொன்னேன். அத்தனை நாளும் வாய் திறக்காமல் இருந்தவள், பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்க ஓவென்று அழுதாள். புண் என் காதில் இருக்கிறது, இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை. நல்லவேளையாக மாமா ஒரு பாட்டில் கலர் வாங்கிக் கொடுத்தார். நான் குடிக்க ஆரம்பித்துவிட்டேன்.