அசையாத வட்டி

பதினைந்து வருடத்துக்கு வீட்டுக் கடன் வட்டி மாறாது என்றால், அது நல்லதா கெட்டதா? எனக்குத் தெரிந்த, பிரிட்ஜ் ரிப்பேர் செய்யும் மெக்கானிக் ஒருவர் இதைக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரிந்ததை அவர் கதையாகவே சொல்கிறேன்.

அவரை அவருடைய மச்சான் 'ஸ்டெபிலைசர்' என்றுதான் கூப்பிடுவார். மின்சாரம் ஏறி இறங்கிக் கருகிப்போன கம்ப்ரசர்களைக் கழற்றியே அவருடைய பாதி வாழ்க்கை போயிருந்தது. யார் புது பிரிட்ஜ் வாங்கினாலும், "ஸ்டெபிலைசர் போட்டாச்சா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. ஏற்ற இறக்கம் என்றாலே அவருக்கு ஆகாது.

மனைவி ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை செய்பவர். சந்தைக்குப் பின்னால் அவர்களுக்குச் சொந்தமாக ஒரு சின்ன வீடு இருந்தது. சுவரில் ஈரம் தோள் உயரத்துக்கு ஏறியிருந்தது. மகள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து படிப்பாள். அந்த வீட்டை விற்று முன்பணம் கட்டி, மீதிக்குக் கடன் வாங்கி, அவளுக்குத் தனி அறையோடு நாலாவது மாடியில் ஒரு வீடு வாங்குவது என்று முடிவானது. விலையைக் கேட்டதும் மெக்கானிக்குக்குக் கண்ணைக் கட்டியது.

வங்கியில் இருந்த பெண் அதிகாரி பொறுமையாக விளக்கினார். "மாறுற வட்டி இப்போதைக்குக் கம்மி சார். ஆனா ஏறலாம், இறங்கலாம். நிலையான வட்டி கொஞ்சம் கூட. பதினஞ்சு வருஷத்துக்கு அசையாது."

"அசையாததையே குடுங்க மேடம்!"

"ஏங்க, கொஞ்சம் யோசிச்சுட்டு..." என்று மனைவி அவர் கையைத் தொட்டார்.

"இதுல என்ன யோசனை? ஏறிச்சுன்னா கருகறது நாமதான்."

"ஒண்ணு சொல்லிடறேன் சார்," என்றார் அதிகாரி. "முதல் பத்து வருஷத்துக்குள்ள கடனை மொத்தமா கட்டி முடிச்சா அபராதம் உண்டு. நல்ல தொகையா வரும்."

மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்தார். "மொத்தமா கட்ட எங்கிட்ட இருந்தா நான் ஏன் மேடம் உங்க முன்னால உக்காந்திருக்கேன்?"

அதிகாரியும் சிரித்தார், மனைவியும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் விஷயம் அமுங்கிப்போனது. அபராதம் என்பது கையில் காசு புரளுகிறவனுக்கு என்று அவர் நினைத்துக்கொண்டார். வீட்டை விற்றாலும் கடனை மொத்தமாக முடித்தாக வேண்டும், அப்போதும் அபராதம் விழும் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

முதல் வருடம் நன்றாகத்தான் போனது. மகள் தன் அறைக் கதவைச் சும்மா சாத்தித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருடம் ஆஸ்பத்திரி நிர்வாகம் லேபை இங்கே மூடி, ரயிலில் அரை நாள் தூரமுள்ள இன்னொரு ஊருக்கு மாற்றியது. அங்கே போனால் வேலை உண்டு, இல்லையென்றால் இல்லை. மனைவி இங்கே வேறு லேப்களில் ஏறி இறங்கிப் பார்த்தார். எங்கும் இடமில்லை. அவர் சம்பளம் இல்லாமல் தவணை கட்டவும் வழியில்லை.

"விடும்மா, வீட்ட வித்துட்டு மூணு பேருமே போயிடலாம். பிரிட்ஜ் எந்த ஊர்லதான் கெட்டுப்போகல?" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் வங்கிக்குப் போனார். திரும்பி வந்தபோது முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. வெளியே வட்டி இறங்கியிருந்ததால், பாதியில் முடித்தால் வங்கி இழக்கும் வட்டியையும் சேர்த்து, அபராதம் இன்னும் கூடியிருந்தது. வீட்டு விலையும் சரிந்திருந்தது. விற்றால் கடனும் அபராதமும் போக, பழைய வீட்டுப் பணத்தில் ஒரு பைசா மிஞ்சாது. வாடகைக்குக் கேட்டவர்களும் தவணையில் பாதிகூடத் தரத் தயாராக இல்லை.

"என்ன ஸ்டெபிலைசர், நல்லா மாட்டிக்கிட்டியா?" என்று ஆரம்பித்த மச்சான், அவர் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். "டீ சொல்லட்டுமா மாப்ள?"

மனைவியும் மகளும் போனார்கள். அவருடைய வாடிக்கையாளர்கள் எல்லாம் இந்த ஊரில்தான். புது ஊரில் முதலிலிருந்து ஆரம்பித்தால் தவணை தவறும். அதனால் அவர் தங்கிவிட்டார். முதலில் வாராவாரம் வந்துகொண்டிருந்தவர்கள் பிறகு மாதம் ஒருமுறை வந்தார்கள். அப்புறம் மகளுக்குப் பரீட்சை என்றார்கள்.

"போனாப் போகுது, வித்துட்டு வாங்க," என்றார் மனைவி போனில்.

"பழைய வீட்டுப் பணத்துல உன் சம்பளம் எத்தனை வருஷத்துது இருக்கு? அத எப்படி நான் தூக்கி பேங்க்காரங்ககிட்ட குடுக்கறது?"

"அப்ப நீங்களே அந்த வீட்டக் கட்டிக்கிட்டு அழுங்க!"

அதற்குப் பிறகு மகள்தான் பேசினாள். தவணை மட்டும் மாதாமாதம் ஒரே தொகையாகப் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் அவர் மகளின் அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அப்பா, இந்த ஞாயித்துக்கிழமையாவது நம்ம வீட்டுக்கு வருவீங்களா?"

அவள் சொன்னது அந்த ஊரில் அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டை. மெக்கானிக் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுக் காலிக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"வர்றேன்மா," என்றார்.

வீடு மாற்ற நினைக்கும் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், தயவுசெய்து இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். வட்டி அசையுமா என்று கேட்கும் அதே மூச்சில், நடுவில் விற்க வேண்டி வந்தால் என்ன ஆகும் என்றும் கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் சிரித்தால், சிரித்து முடிக்கட்டும். பிறகு இன்னொரு முறை சொல்லுங்கள்.