தாலாட்டுக்காரர்

“தூங்கிட்டியா?” என்று தூங்குகிற மனைவியின் தோளைத் தட்டிக் கேட்கிறார் எங்கள் கீழ்வீட்டுக்காரர். இரவு வேலை முடிந்து வந்து படுத்த அந்த அம்மா, “தூங்கிட்டேன்” என்கிறார், கண்ணைத் திறக்காமலே. இவர் வெளியே வந்து குட்டி போட்ட பூனை மாதிரி வராந்தாவில் நடக்கிறார். சற்றுப் பொறுத்து மறுபடியும் உள்ளே போகிறார். மனிதருக்கு இருப்புக் கொள்ளாது. அந்தச் செருப்புச் சத்தத்தில் மாடியில் எழுத உட்கார்ந்த எனக்கு ஒரு வரி ஓடுவதில்லை.

இவருக்கு வேலை, மீன் கெடாமல் வைக்கும் குளிர்கிடங்கில். அங்கே குளிரூட்டுவதற்காகக் குழாய்களில் ஓடுவது அம்மோனியா. கசிந்தால் ஆளைக் கொல்லும். அதை மோப்பம் பிடிக்கக் குழாய் நெடுக சோப்புப்பெட்டி அளவில் சென்சார்கள். கம்பி இல்லை, எல்லாம் பேட்டரி. அதனால் பெரும்பாலும் தூங்கும்; அவ்வப்போது விழித்து முகர்ந்து, “கசிவு இல்லை” என்று தகவல் அனுப்பிவிட்டுத் திரும்பத் தூங்கும். அவற்றைப் பார்த்துக்கொள்கிற இவருக்குக் கிடங்கில் “தாலாட்டு” என்று பெயர்.

கொஞ்ச நாளாக யாரோ வெளியிலிருந்து ரேடியோ அலையில் கூப்பிட்டு அவற்றைத் தூங்கவிடுவதில்லை.

“இருக்கியா, இருக்கியான்னு பொய்யாக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான் சார். அதுங்களும் பாவம், இருக்கேன் இருக்கேன்னு பதில் சொல்லியே செத்துப்போகுதுங்க. பூட்டை உடைக்கல, எதையும் திருடல. தூக்கத்தைக் கெடுக்கிறான், அவ்வளவுதான்.”

வருடக்கணக்கில் உழைக்க வேண்டிய பேட்டரி வாரத்தில் தீர்ந்துவிடுகிறதாம். ஆளைப் பிடிக்கிறேன் என்று கையில் ஏரியலோடு மதிலைச் சுற்றி, நிற்கிற வண்டிகளுக்கு அடியில் எல்லாம் எட்டிப் பார்த்து, கடைசியில் தான் வேலை பார்க்கிற கிடங்கின் காவலாளியிடமே திருடன் என்று மாட்டிக்கொண்டார்.

சிரிக்கலாம். ஆனால் மனைவி மீன் அடுக்குவதும் அதே கிடங்கில். அந்த அம்மாவின் மேசைக்கு மேலே இருக்கிற சென்சார்தான் அடிக்கடி சாகிறது. கிடங்கை மூட மேலாளர் சம்மதிக்கவில்லை. மனைவியை இவர் லீவு போடச் சொன்னால், “நான் போகலேன்னா அந்த மேசையில வேற ஒருத்தி நிப்பா. அவ மட்டும் என்ன?” என்று கேட்டாராம். கேள்விப்பட்டதும் எனக்கு அந்த அம்மாமேல் மரியாதை கூடிவிட்டது.

இன்று காலை இவர் கிடங்கில் புது ஏற்பாடு ஒன்று செய்துவிட்டு வந்திருக்கிறார். ரகசியச் சொல் சொல்லாமல் கூப்பிட்டால் சென்சார் கண்ணே திறக்காது. பலிக்கிறதா என்பது இன்றிரவு தெரியும்.

“பலிக்கலேன்னா?” என்று கேட்டேன்.

“அவ மூக்குதான் சார் பாக்கி.”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனார். “இருக்கியா?” என்கிற குரல் வெளியே கேட்டது.

“அங்க எவனோ பண்றதத்தான் இங்க நீங்க பண்றீங்க. ராத்திரி அங்க நான் கண்ணசந்தா யார் பார்க்கிறது?”

கோபம்கூட இல்லை, அசதிதான்.

வெளியே வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஸ்டூலைச் சத்தம் வராமல் தூக்கி வந்து போட்டு ஏறினார். வாசல் அழைப்புமணியின் மூடியைத் திறந்து, பேட்டரியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.