நீலம் பூசிய கூண்டு

பந்தயக் காரைக் கவிழ்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். நிஜக் காரையல்ல, கழக்கூட்டத்து ஐ.டி. பார்க்கில் ஏசி அறையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டருக்குள். கார் உருண்டால் கூரை ஓட்டுபவரின் தலையில் அமுங்காமலிருக்க, உள்ளே இரும்புக் குழாய்களால் ஒரு கூண்டு வெல்டு செய்திருப்பார்கள். அது எவ்வளவு தாங்கும் என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். தாங்கும் இடம் திரையில் நீலம். தாங்காத இடம் சிவப்பு.

ஆரியசாலையில் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு அண்ணாச்சி, தன் ராலி காருக்குக் கூண்டு அடித்துவிட்டு ரிப்போர்ட் கேட்டிருந்தார். காரை உருட்டினேன். தலைக்கு மேலே போகும் குழாய் செக்கச்செவேலென்று வளைந்து ஹெல்மெட்டின் மேல் வந்து உட்கார்ந்தது. என் கணக்கில்தான் பிழையோ என்று மறுபடி உருட்டினேன். அதேதான்.

டீம் லீடிடம் காட்டினேன். பழம்பொரி தின்றுகொண்டே வந்தவர் குழாயைப் பார்க்கவேயில்லை. எந்த எண்ணுக்குமேல் சிவப்பு என்று சொல்லும், ஓரத்திலிருந்த நிற அளவுகோலைத்தான் பார்த்தார்.

"இந்த மேக்ஸிமத்தக் கொஞ்சம் கூட்டி வை, கேட்டியா? வளைவையும் காட்டாண்டாம். எல்லாம் நீலமாயிடும். கஸ்டமருக்கு அது மதி, அவ்வளவு போதும்."

எண்ணெய் விரலாலேயே என் மவுஸைப் பிடித்து எண்ணை மாற்றினார். சிவப்பு போய்விட்டது. மவுஸைத் துடைத்தேன், அருவருப்பு போகவில்லை.

மறுநாள் மீட்டிங்குக்கு அண்ணாச்சி, காரை ஓட்டப்போகிறவளையும் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் பார்க்கிலேயே வேறொரு கம்பெனியில் வேலை பார்ப்பவள். நெடுநெடுவென்று வளர்ந்த பெண். அண்ணாச்சி அவள் தோளுக்குத்தான் வருவார். லீட் நீலப் படத்தைப் போட்டார்.

"இதுல என் தலை எங்க சார் வரும்?" என்று கேட்டாள்.

"தலைக்கு ஒரு குழப்பமும் இல்ல, ஒண்ணும் ஆகாது" என்றார் லீட், வாய் கூசாமல்.

என்னால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. கீபோர்டை இழுத்துப் பழைய எண்ணைப் போட்டு, வளைவையும் காட்டினேன். "இங்க வரும். இந்தக் குழாய்க்கு அடியில" என்றேன்.

அவள் முகம் வெளுத்துப்போனது. அண்ணாச்சி கூண்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளைத்தான் ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்போ உயரம் கொறஞ்ச ஆளாப் பாத்துப் போட்டா மதியா, தம்பி?"

சீ! குள்ளமாக ஒருவன் கிடைத்தால் அவன் தலைக்கும் இதே குழாய்தான் காத்திருக்கும். அவள் பக்கத்திலேயே இருக்கிறாள் என்ற கூச்சம்கூட அந்த மனுஷனுக்கு இல்லை.

அவள் எழுந்து நின்றாள்.

"நீங்களே இருந்து ஓட்டுங்க அண்ணாச்சி. உங்க உயரத்துக்குச் சரியா இருக்கும்."

லீட் அவசரமாகச் சிரித்துப் பார்த்தார். கூடச் சிரிக்க ஆளில்லை. அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு கிளம்பினார். கதவருகே நின்று, "அந்த நீலப் படத்த மட்டும் மெயில்ல அனுப்பிருங்க தம்பி, ஸ்பான்சருக்குக் காட்டணும்" என்றார்.

சிவப்பைத்தான் அனுப்பினேன். அவளுடைய மெயில் ஐடியையும் கேட்டு வாங்கிச் சேர்த்துக்கொண்டேன்.