தண்ணீர் தெளித்த இலை

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். அதனாலோ என்னவோ, தாளில் எழுதி ஒட்டியிருப்பதை மீறினால் ஏதாவது ஆகிவிடும் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. சாத்தூர் பக்கம் முதியோர் பகல்நேர மையம் ஒன்றில் காலை ஒன்பதிலிருந்து இரண்டு மணி வரை எனக்கு வேலை. அது முடிந்ததும் அச்சகத்துக்குப் போய்க் காலண்டர் தலையில் தகரப் பட்டை அடிப்பேன். மையத்துச் சுவரில், பன்னிரண்டு மணிக்குச் சர்க்கரை மாத்திரை, பன்னிரண்டரைக்குச் சாப்பாடு என்று ஒட்டியிருக்கும். மாத்திரை கொடுப்பது என் பொறுப்பு. கொடுத்தோமா என்று மூன்று தடவை சரிபார்ப்பேன்.

அன்று ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி வீட்டுப் பேரனுக்கு முதல் பிறந்தநாள். சாப்பாடு அவர்கள் உபயம். சோறு, சாம்பார், பாயசம், வடை எல்லாம் பதினொன்றரைக்கே வந்து இறங்கிவிட்டன. உபயம் செய்கிறவர்கள் வந்து தங்கள் கையால் முதல் கரண்டி போட்டு, போட்டோ எடுத்த பிறகுதான் யாரும் சாப்பிடலாம் என்பது எங்கள் மையத்து வழக்கம். மையத்தை நடத்தும் மேடம் இலையைக் கூட முன்னாலேயே போடச் சொல்லிவிட்டார். இருபது பேர் வரிசையாக உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்தார்கள். மணி பன்னிரண்டரை ஆயிற்று. ஒன்று ஆயிற்று. போன் போட்டுக் கேட்டால், கோயிலில் கூட்டமாம், கிளம்பிவிட்டார்களாம். இலை காய்ந்து போய், மறுபடி தண்ணீர் தெளித்தார்கள். பசியோடு இருக்கிறவர்கள் முன்னால் வெறும் இலையை விரித்து வைத்து வடை வாசனை காட்டுவதை என்னவென்று சொல்வது?

ஒன்றே கால் இருக்கும். கடைசியில் உட்கார்ந்திருந்த பெரியம்மா சுவரில் சாய்ந்தார். முப்பது வருஷம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர். முகமெல்லாம் வேர்வை, கை நடுங்கியது. பக்கத்தில் இருந்த தாத்தாவும் அதே வேலை பார்த்தவர்தான். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"வெடிமருந்து நெடி தாயி. அம்புட்டு வருசம் மோந்தது ஒடம்ப விட்டுப் போகுமா? மரத்தடியில காத்தாட ஒக்கார வச்சுத் தண்ணி குடு, சரியாயிரும்."

பெரியம்மாவும் ஆமாம் என்று தலையாட்டினார். கம்பெனியில் யாருக்குத் தலை சுற்றினாலும் வேப்ப மரத்தடிக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுப்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த வைத்தியம். நானும் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனேன். அப்போதுதான் உறைத்தது. பன்னிரண்டு மணிக்கு மாத்திரையைக் கொடுத்தது நான். சோறு போடவில்லை. வெறும் வயிற்றில் மாத்திரை சர்க்கரையை இறக்கிவிட்டிருக்கிறது. திரும்பி வந்து கழுத்தைத் தொட்டேன், சில்லென்று இருந்தது.

பாயசத் தூக்கைத் திறந்தேன். மேடம் ஓடி வந்தார்.

"அவுக வந்து பாத்தா என்ன நெனப்பாக?"

"இவுக எந்திரிக்காமப் போயிட்டா என்ன நெனப்பாக மேடம்?"

இப்படி ஒரு பேச்சு என் வாயிலிருந்து வந்ததில்லை. வேலை போய்விடும் என்று தெரிந்தது. ஆனாலும் ஒரு டம்ளர் பாயசத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். கால் மணி நேரத்தில் கண் தெளிந்தது. அதற்குள் மற்றவர்களுக்கும் சோற்றைப் போட ஆரம்பித்துவிட்டேன். மேடம் தடுக்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை.

ஒன்றே முக்காலுக்குக் கார் வந்தது. வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. "அதுக்குள்ள ஆரம்பிச்சிட்டீகளா?" என்று வருத்தமாகத்தான் கேட்டார்கள். போட்டோவுக்காகப் பெரியம்மா முன்னால் புது இலை போடச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன் செத்துப் பிழைத்தவர் மறுபடி தண்ணீர் தெளித்து, கும்பிட்டு, சிரிக்கவும் செய்தார். அந்தப் படத்தில் நான் பாதிதான் விழுந்திருக்கிறேன். பாயசக் கரண்டி பிடித்த கை மட்டும் தெரிகிறது.

மறுநாள் மேடத்திடம் கேட்டேன்: பன்னிரண்டரைக்குச் சோறு போட்டுவிடுவோம், வருகிறவர்கள் வரும்போது பாயசம் ஊற்றிப் படம் எடுத்துக்கொள்ளட்டும் என்று. பார்க்கலாம் என்றார். வழக்கம் இன்னும் மாறவில்லை. என் பையில் சீனி மிட்டாய்ப் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கிறது. இருக்கிறதா என்று பஸ்ஸில் இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

பெரியம்மா இப்போது நான் மாத்திரையோடு வந்தால் முதலில் கேட்பது, இன்றைக்கு யாருக்காவது பிறந்தநாளா என்றுதான். ஆமாம் என்றால் மாத்திரையை வாங்கி முந்தானையில் முடிந்துகொள்கிறார்.

"சோறு மொதல்ல எலைக்கு வரட்டும் தாயி. பெறகு முழுங்குறேன்."

தாளில் பன்னிரண்டு மணி என்றுதான் இருக்கிறது. நான் தண்ணீர் டம்ளரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வருகிறேன்.