அந்த லொறியில் ஏறிய முதல் நெல்

பிறருடைய லொறிகளை ஓட்டிவந்த நான், சுனாமிக்குச் சற்று முன்புதான் சொந்தமாக ஒரு பழைய லொறி வாங்கினேன். அறுவடை தொடங்கியதும் சித்தாண்டிப் பக்கத்து வயல் வட்டைகளிலிருந்து மில்லுக்கு நெல் ஏற்றுவதாக எண்ணம். அதற்குள் கடல் ஊருக்குள் வந்துவிட்டது. கரையோரத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு உடல்களைத்தான் முதலில் ஏற்றினேன்.

பிறகு லொறியை மஞ்சள் தண்ணீர் ஊற்றித் திரும்பத் திரும்பக் கழுவினேன். ஆனாலும் அறுவடையின்போது வயல்காரர்கள் தயங்கினார்கள்.

"குறை நினைக்காதீங்க தம்பி, சோறாக்கித் தின்னுற சாமான்," என்றார் ஒருவர். வெறும் லொறியோடு வயலோரத்தில் நின்றேன்.

ஒருநாள் நடுவயதுக்காரர் ஒருவர் வந்து, "என்ட நெல்லை ஏத்து மனே," என்றார். விஷயம் தெரியாதவர் என்று நினைத்து, லொறியில் முன்பு எதை ஏற்றினேன் என்று சொன்னேன்.

"தெரியும். தாய் வீட்ட போயிருந்த என்ட பொஞ்சாதியையும் நீதானே கொண்டுவந்தாய்."

எனக்கு அந்தப் பெண்ணின் முகம் நினைவில் இல்லை. லொறியின் பின்பலகையை இறக்கினேன்.

மூடைகள் ஏறி முடிந்ததும் முன்கதவைத் திறந்துவிட்டேன். அவர் அதில் ஏறவில்லை. பின்னால் ஏறி, மூடைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டார். மில் வரும்வரை மெதுவாகவே ஓட்டினேன்.