ராங் நம்பர்

தொண்ணூறுகளின் கடைசியில், அமெரிக்காவில் என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. போட்டோவை இன்டர்நெட்டில் போட்டிருப்பதாகப் போனில் சொன்னாள். கோவையில் எங்கள் வீட்டில், கணவர் தன் அலுவலகத்திலிருந்து வாங்கி வந்த பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அவர் வெளியூர் போயிருந்தார். அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரையின் முன் உட்கார்ந்துவிட்டார்.

இணைப்பு கிடைத்தது. ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. பதற்றத்தில் இணைப்பைத் துண்டித்துவிட்டு, கம்ப்யூட்டர் கடைக்குப் போன் செய்தேன். எடுத்தது யாரோ ஒரு பெண்.

"இது ஊடுங்க, ராங் நம்பருங்க," என்றார். கம்ப்யூட்டர் கடை இல்லையா என்று மறுபடி மறுபடி கேட்டேன். "ஏனுங்க அம்மணி, என்னாச்சுங்க?" என்று கேட்டார். சொன்னேன்.

"எங்கூட்டுலயும் இப்படித்தானுங்க ஆச்சு. ஆபீஸ் கம்ப்யூட்டருங்களா? செட்டிங்ஸ்ல ப்ராக்ஸின்னு ஒண்ணு இருக்கும். அந்த டிக்கை எடுத்துப்போடுங்க. அது ஆபீசுக்குத்தான் ஆகும், ஊட்டுக்கு ஆகாதுங்க."

இரண்டுக்கும் ஒரே லைன்; போனை வைத்தால்தான் இன்டர்நெட் வரும். அதனால் அவர் தன் நம்பரைக் கொடுத்து, "வரலீன்னா மறுபடி கூப்பிடுங்க, இங்கயேதான் இருப்பேன்," என்றார்.

டிக்கை எடுத்துவிட்டு மறுபடி இணைத்தேன். படம் மேலிருந்து மெல்ல இறங்கியது. முதலில் முடி, பிறகு நெற்றி, மூடிய கண்கள். அம்மா திரையைத் தொட்டுத் தொட்டு அழுதார்.

இனி உதவி தேவையில்லை. ஆனாலும் அவரைக் கூப்பிட்டேன். உடனே எடுத்தார்.

"வந்துருச்சுங்களா? பாப்பா யாராட்ட இருக்குதுங்க?"

முகம் தெரியாத அவரிடம் எங்கள் குழந்தையின் முகத்தை வெகுநேரம் வர்ணித்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து ராங் நம்பர் வந்தால் நான் சட்டென்று போனை வைப்பதில்லை.